பட்டனை அழுத்தினால் என்ன சத்தம் வருகிறது?

அன்புள்ள மகளுக்கு,

"ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் கிளினிக்குக்கு ஒருவர் வந்து "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் நீ என்ன மருந்து எழுதுவாய்? போனில் விளக்கினால் பாதிதான் காதில் வாங்குவாய் என்பதால் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கம்பவுண்டர் தம்பியிடமும் கொடு.

கல்யாண மண்டபத்தை நான் நடத்திய காலத்தில், முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனால் யாரும் மெக்கானிக்கைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள். அதனால் அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது இது.

கை வைப்பதற்கு முன் கண்ணால் பார். டீசல் இருக்கிறதா? பேனலில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் அழுந்திக் கிடக்கிறதா? கூட்டித் துடைப்பவர் கை பட்டாலே அது அழுந்திவிடும். திருகி வெளியே எடுத்தால்தான் இயந்திரம் அசையும். ஆட்டோ பேனல் வழக்கமாக மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுத் தானே பூட்டிக்கொள்ளும். கோளாறைச் சரிசெய்த பிறகும் ரீசெட் கொடுக்காவிட்டால் அது பேசாமல்தான் இருக்கும். இன்னொன்று: மூடியைத் திறந்து உள்ளே கைவிடுமுன் சுவிட்சை ஆஃப் நிலையில் வைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடு. ஆட்டோவில் இருந்தால் கரண்ட் போன நொடியில் அது தானாகவே ஓடத் தொடங்கும். விரல் போய்விடும்.

இனிமேல்தான் சத்தம். பட்டனை அழுத்தியதும் "டக்" என்ற ஒலியோடு நின்றுவிட்டால், அல்லது சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டால், பெரும்பாலும் பேட்டரிதான். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 காட்டும். ஆனால் அதை நம்பி ஏமாறாதே. இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பார், 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. புதிது வாங்க ஓடுவதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்கு. சார்ஜரையும் பார். கரண்ட் இருக்கும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். யாராவது செல்போனுக்காக அந்தப் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், நான் பந்தயம் கட்டுகிறேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் புகைக்குழாயைப் பார். புகையே இல்லையா? இன்ஜினுக்கு டீசல் போகவில்லை. டேங்க் குழாய் மூடியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு வேலை செய்யாமலிருக்கலாம். டேங்க் ஒருமுறை வற்றிப்போயிருந்தால் டீசல் குழாயில் காற்று பிடித்திருக்கும். ஃபில்டர் மேலிருக்கும் காற்று எடுக்கும் ஸ்குருவைச் சற்றுத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இரு. நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்கிவிடு. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வை. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். நம் டெல்டா மழைக்கு, டேங்க் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் அதுவே போதும்.

பட்டனை பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதே. அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடி அழுத்து. மூன்று முறைக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு யோசி. இல்லாவிட்டால் பேட்டரி செலவோடு செல்ஃப் மோட்டார் செலவும் சேரும்.

ஓடிச் சில நொடிகளில் தானே நின்றால் ஆயில் குச்சியை எடுத்துப் பார். ஆயில் அளவு சரியாக இருந்தால், ஆயில் அழுத்தம் குறைந்ததும் இன்ஜினை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம்; அதை மெக்கானிக்கிடம் விடு. அந்தச் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு "பாருங்கள், ஓடுகிறது" என்று காட்டும் மெக்கானிக்கை மட்டும் உள்ளே விடாதே. நாளைக்கு ஆயில் உண்மையிலேயே தீர்ந்தாலும் அது நிற்காமல் ஓடி இன்ஜினையே தின்றுவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஜெனரேட்டரை, அதன் கரண்ட்டையும் தெருக் கரண்ட்டையும் ஒன்றுசேர விடாத சேஞ்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டுப் பிளக்கில் நேராகச் செருகியவர்கள் உண்டு. அந்த மின்சாரம் கம்பிவழியே தெருவுக்குத் திரும்பிப் போகும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பத்தில் ஏறி வேலை செய்தவர்களின் உயிர் அது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று நீ பதறுவது எனக்குப் புரிகிறது. எவ்வளவு அவசரமானாலும் அந்தச் சுவிட்சைத் தாண்டி எதையும் இணைக்காதே. ஜெனரேட்டரை அறைக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டவும் கூடாது.

சரியான பிறகு மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டு. ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றி ஓட்டு. வெறுமனே ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரி பிடிக்கும்.

ஐப்பசி பிறக்குமுன் இதை முடித்துவிடு. சத்தம் எப்படி இருந்தது என்று இன்று இரவே சொல்.

அன்புடன்,
அம்மா