மூன்று ஒன்பதுகளை விட மறுத்த மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமாங்கக் கோயில் திருவிழாவின் தீர்த்தம் முடிந்து எல்லோரும் கல்லடி வீட்டில் கூடியிருந்த அன்றிரவு நீ வென்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோற்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன கிழமை தொலைபேசியில், "செட் கிடைத்தால் யார் எவ்வளவு போட்டாலும் விடக்கூடாது மாமா, அன்றைக்குப் பார்த்தீர்கள்தானே" என்றாய். போக்கரில் ஒரே எண்ணில் மூன்று சேர்வதைத்தான் செட் என்கிறாய். கொழும்பில் நண்பர்களோடு சம்பளக் காசை வைத்து ஆடுவதாகவும் சொன்னாய். அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. உன் வயதில் போக்கர் ஆடும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் காணும்படி எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தை நினைவுபடுத்திப் பார். கச்சான் காற்று சீட்டுக் கடதாசிகளைத் தூக்கிக்கொண்டே இருந்ததால், நடுவில் விரித்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்திருந்தோம். காசுக்குப் பதிலும் புளியங்கொட்டைதான். நான் எனக்கு வந்த இரண்டு கடதாசிகளையும் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிட்டேன். உன் கையில் இரண்டு ஒன்பதுகள். ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் விரிக்கும் மூன்றில், ஹார்ட்ஸ் ஒன்பது, ஹார்ட்ஸ் எட்டு, கிளாவர் நான்கு. அந்த நேரத்தில் உன்னை வெல்லக்கூடிய கை எவரிடமும் இருந்திருக்க முடியாது. நடுவில் 40 கொட்டைகள். சித்தப்பாவும் பெரியம்மாவும் ஒன்றும் போடாமல் விட்டார்கள். நீயும் ஒன்றும் போடவில்லை. மறைத்து ஆடினால் பிறகு நிறைய அள்ளலாம் என்று நினைத்திருப்பாய்.

பிழை அங்கேதான் தொடங்கியது. பெரியம்மாவிடம் ஹார்ட்ஸ் ராஜாவும் இரண்டும் இருந்தன. ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து, சேர இன்னும் ஒரு ஹார்ட்ஸ் வேண்டும். அவருக்குத் தெரியாத 47 கடதாசிகளில் ஹார்ட்ஸ் 9. அடுத்ததாக அது விழும் வாய்ப்பு 19 சதவீதம். நீ 30 கொட்டை போட்டிருந்தால், அந்த 30ஐயும் கட்டித் தொடர்வதற்கு அவருக்கு 30 சதவீத வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். இல்லை. நீயோ அடுத்த கடதாசியை இலவசமாகப் பார்க்கவிட்டாய். பலமாக இருந்தும் எளிதில் சாயக்கூடிய கைக்கு மறைத்து ஆடும் வசதி கிடையாது. அதற்கு உரிய விலையை அப்போதே வாங்கிவிட வேண்டும்.

அடுத்து விழுந்தது ஹார்ட்ஸ் ஏழு. இப்போது கையில் உள்ள இரண்டும் ஹார்ட்ஸாக இருப்பவரிடம் ஃப்ளஷ். ஜாக்கும் பத்தும், பத்தும் ஆறும், ஆறும் ஐந்தும், இவற்றில் எந்தச் சோடியை வைத்திருப்பவரிடமும் ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து எண்கள். இரண்டுமே மூன்று ஒன்பதுகளை வெல்லும். சித்தப்பா 30 போட்டார். பெரியம்மா தன்னிடமிருந்த 100ஐயும் நடுவில் தள்ளினார். உன் முறை வந்தது. உன் கண் உன் ஒன்பதுகளை விட்டு அசையவே இல்லை. நான் கவனித்தேன்.

நீயும் நானும் முந்நூற்றுநாலு என்ற கடதாசி ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். அதில் ஜாக்கை வீரன் என்போம். அது தனியாகவே 30 புள்ளி. துரும்பு வீரன் கையில் இருந்தால் எட்டுச் சுற்றும் அது வீரன்தான், அதை வெட்ட எந்தக் கடதாசியாலும் முடியாது. 160 புள்ளி எடுப்பேன் என்று கேட்டுவிட்டால் நடுவில் எழுந்து போகவும் முடியாது. கூட்டாளி எதிரே இருக்கிறார். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிவிட்டது. போக்கரில் உன் ஒன்பதுகள் துரும்பு வீரன் அல்ல. நடுவில் ஒரு ஏழு விழுந்ததும் உன் கையில் எதுவும் மாறாமலே அவற்றின் பெறுமதி இறங்கிவிட்டது.

நடுவில் 170 இருந்தது. நீ 100 கட்ட வேண்டும். கட்டினால் மொத்தம் 270. அதற்கு 37 சதவீத வாய்ப்புத் தேவை. ஃப்ளஷ்ஷை வெல்ல உனக்கு மூன்று எட்டு, மூன்று ஏழு, மூன்று நான்கு, மிஞ்சிய ஓர் ஒன்பது, ஆக 10 கடதாசிகள். நீ காணாத 46இல் 10 என்றால் 22 சதவீதம்கூட வராது.

பெரியம்மா சும்மா மிரட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். ஐந்தில் ஒரு தடவையாவது அவர் உன்னைவிடக் குறைந்த கையோடு அப்படித் தள்ளுவார் என்றால், கட்டுவதில் ஏறத்தாழ நட்டம் இல்லை. ஆனால் என் அக்காவை எனக்குத் தெரியும். திருவிழாவின் பத்து நாளும் அவர் ஒரு தடவைகூட வெறுங்கையோடு உயர்த்தவில்லை. நீயும் பக்கத்திலேதான் இருந்தாய். போதாக்குறைக்கு, உனக்குப் பின்னால் சித்தப்பாவின் முறை இன்னும் இருந்தது.

நீ கட்டினாய். கடைசியில் டயமன் நான்கு விழுந்தது. ஃபுல் ஹவுஸ்: மூன்று ஒன்பதும் ஒரு நான்குச் சோடியும், ஃப்ளஷ்ஷை வெல்லும் கை. பிள்ளைகள் கைதட்டினார்கள், நீ 270 கொட்டைகளையும் சாரத்தில் அள்ளிக்கொண்டாய்.

அந்த ஆரவாரத்தில் சித்தப்பாவை யாரும் பார்க்கவில்லை. கடைசிக் கடதாசி விழுவதற்கு முன்பே, தன்னுடைய இரண்டையும் வெற்றிலை வட்டாவுக்கு அடியில் மெதுவாகச் செருகிவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது: ஜாக்கும் பத்தும். விழுந்திருந்த ஸ்ட்ரெயிட்களில் அதுதான் மிகப் பெரியது, உன் மூன்று ஒன்பதுகளையும் அப்போது வென்றுகொண்டிருந்தது. இன்னும் 70 போட்டால் போதும். ஆனால் அக்கா தள்ளியதையும் நீ கட்டியதையும் பார்த்து, இங்கே ஃப்ளஷ் இருக்கிறது, இருந்தால் தன்னைக் காப்பாற்றக் கடைசிக் கடதாசி ஒன்றுகூட இல்லை என்று கணித்துக்கொண்டார். போட்ட 30ஐ மறந்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். அன்றிரவு நான் கண்ட மிகச் சிறந்த ஆட்டம் அதுதான், மகன். எனக்கு அந்த மனவலிமை வந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை, நீ கொழும்பு பஸ் ஏறியபின், அதே சீட்டுக் கட்டை எடுத்தேன். உன் இரண்டையும் நடுவில் கிடந்த நான்கையும் தனியே வைத்துவிட்டு, மிச்சம் 46ஐயும் திண்ணைப் பாயில் இரண்டு வரிசையாகப் பரப்பினேன். உன்னை வெல்ல வைப்பவை ஒரு வரிசை, பத்து. மற்றது 36, பாயின் விளிம்பைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. பத்துக்கும் தலா 170 வந்தால் 1700 கொட்டை வரவு. முப்பத்தாறுக்கும் தலா 100 போனால் 3600 செலவு. கொழும்பில் அது புளியங்கொட்டை இல்லை.

தைப்பொங்கலுக்கு வரும்போது அந்த இரண்டு வரிசையையும் உனக்கு விரித்துக் காட்டுகிறேன். சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன், வந்து உட்காருவார். அந்த ஜாக்கையும் பத்தையும் எப்படிக் கவிழ்த்தார் என்று அவரிடமே கேள்.

அன்புடன்,
மாமா