வாய் திறக்காத எழுத்து

அன்புள்ள மகளே,

நீ அனுப்பிய நான்கு பக்கத்தையும் மூன்று முறை படித்துவிட்டேன். 'என் வகுப்பறை எப்படி இருக்க வேண்டும்' என்று ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் எழுதச் சொன்னார்களாம், அதை அப்பாவிடமும் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அது போதும் எனக்கு. முதல் முறை படிக்கும்போது பழக்கதோஷத்தில் கை பேனாவைத் தேடியது. முப்பது வருடம் புரூஃப் பார்த்த கை, என்ன செய்ய. எங்கெங்கே கமா விட்டிருக்கிறாய் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே.

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேசத்தான் வராது என்பது உனக்குத் தெரியும். ஏன் வராது என்பதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. உன் மூன்றாவது பக்கத்தில் 'என் வகுப்பில் எல்லோரும் பேசுவார்கள்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு. பாடத்தை வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று வாசிக்க வேண்டும். என்னைப் போன்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு வேலை செய்வோம், முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, நம் பங்குக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அதையே உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். மற்றவர்கள் வாசிப்பது காதிலேயே விழாது. அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தவன் ஏதோ காரணத்தால் வெளியே போயிருந்தான். நான் ஒத்திகை பார்த்த பத்தி போய், பார்க்காத பத்தி வந்து சேர்ந்தது. அதில் இரண்டாவது வரியில் ஒரு தீவு. 'ஐலண்ட்' என்று வாசிக்க வேண்டியதை, எழுத்தில் இருந்த எஸ்ஸையும் சேர்த்து 'இஸ்லாண்ட்' என்று வாசித்தேன்.

வகுப்பே சிரித்தது. சரி, பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆசிரியரும் சிரித்தார், இன்னொரு தடவை சொல்லு என்றார். சத்தம் போதவில்லை என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். பள்ளி முடியும்வரை எனக்கு 'இஸ்லாண்ட்' என்றே பெயர். அவர் கெட்ட மனிதர் இல்லை, நன்றாகவே பாடம் நடத்துவார். அவருக்கு அது அரை நிமிட வேடிக்கை. எனக்கு அதற்குப் பிறகு ஆங்கில வகுப்பு என்றால் முன்னால் இருப்பவன் முதுகுதான் ஞாபகம், அந்த முதுகுக்குப் பின்னால் குனிந்தே மிச்ச வருடங்களை ஓட்டினேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா. ரொம்ப வருடம் கழித்து, மொழி வரலாறு பற்றிய ஒரு புத்தகம் புரூஃபுக்கு வந்தது. அதில் அந்தச் சொல்லின் கதை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையவே கிடையாது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில், லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு இதைச் சம்பந்தப்படுத்தி, நடுவில் ஒரு எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். இரண்டு சொல்லுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. அதாவது, படித்தவர்கள் செய்த பிழை அது, நான் அதை எழுதியிருந்தபடி வாசித்தேன், அவ்வளவுதான். அந்தப் புரூஃப் தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வாசித்தால் அந்தக் கதையைச் சொல்லிவிடு. கடனுக்கான 'டெட்'டில் ஒரு பி சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதே மாதிரிதான். பிரெஞ்சிலிருந்து வரும்போது பி இல்லாமல்தான் வந்தது, லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று பிற்பாடு ஒட்டவைத்தார்கள். போர்வீரன் 'நைட்'டின் தலையில் இருக்கிற கே வேறு கதை, ஒரு காலத்தில் அதை உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைப் போட்டபோதும் அது நாக்கில் இருந்தது. அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது, நாக்கு தன் பாட்டுக்குப் போய்விட்டது. (அச்சுத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் செய்த வேலைக்கு உன் மாணவர்கள் மார்க் இழக்கிறார்கள்.) தமிழில் மட்டும் என்ன வாழுதாம், பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் ஒரே க, மூன்று விதமாகத்தான் சொல்கிறோம். நாம் பிறந்ததிலிருந்து கேட்பதால் உறைக்கவில்லை.

அடுத்து, கேள்வி கேட்பது. நீ போன விடுமுறையில் விட்டுப்போன தடிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், கோபப்படாதே. மேரி பட் ரோவ் என்ற கல்வி ஆய்வாளர் அம்மாள் 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதானாம். அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். ப்பூ, மூன்று விநாடிதானே என்று நினைத்தேன். அன்று இரவு உன் அம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் "என்ன முறைக்கிறீங்க?" என்றாள். அவ்வளவு நீளமானது அது. நீயும் வீட்டில் பழகிக்கொண்டு போ. கேட்டவர்தான் முதலில் தவித்துப்போகிறார், தவிப்புத் தாங்காமல் முதல் வரிசையில் கை தூக்குகிறவளிடம் போய்விடுகிறார், பின் வரிசைக்காரன் தப்பித்தோம் என்று மறுபடி குனிந்துகொள்கிறான். அந்தக் குனிதல் எனக்குத் தெரியும்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வட்டத்தில் ஒளிய முதுகு கிடையாது, கூச்சப்படுகிற பிள்ளைக்கு முதல் மாதம் அது நரகம். கொஞ்சம் பொறுத்துப் போடு.

சிவப்புப் பேனாவே வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதில்தான் உன்னோடு சண்டை. சிவப்பு என் சோறு, அதற்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை ஓர் இளைஞரின் முதல் புத்தகம் வந்தது, நானும் ஆர்வக்கோளாறில் ஒரு பிழை விடாமல் திருத்திப் பக்கத்தையே சிவப்பாக்கி அனுப்பினேன். அவர் நேரில் வந்தார். திருத்தம் எதையும் பேசவில்லை, "எனக்கு எழுத வராதுன்னு சொல்றீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பிழை எல்லாம் உண்மையான பிழைதான், ஒன்றுகூட நான் தப்பாகக் குறிக்கவில்லை, இருந்தாலும் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்து தெரிந்தவர்கள் எழுத்தாக இருந்தால் முதலில் நன்றாக வந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் பிழைக்குப் போவேன். தொழில் விதிப்படி அப்படி ஒரு குறியே கிடையாது. ஆகவே பேனாவை வைத்துக்கொள், ஒரு நோட்டில் இரண்டு விஷயத்துக்குமேல் தொடாதே.

இன்னொரு காரணமும் உண்டு, கணக்கு. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 30 பேர் என்று வை, 150 நோட்டு. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 25 மணி நேரம், ஒரே ஒரு கட்டுரைக்கு. எப்போது தூங்குவாய்? நீ சொன்ன அந்தத் தினசரிப் பத்து நிமிட எழுத்து இருக்கிறதே, மார்க் இல்லாமல் மனசில் வந்ததை எழுதுவது, அதை விடவே விடாதே, ஆனால் அத்தனையையும் படிக்க வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொள்ளாதே. உன் புத்தகத்திலேயே ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள், மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. நியாயம்தானே, மார்க்கைப் பார்த்த கண் அதற்குக் கீழே எங்கே போகும்.

நாடகத்தை எழுந்து நின்று நடித்தே படிக்க வைப்பேன் என்றாயே, அதற்கு மட்டும் முழு மார்க். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623இல்தான் அவருடைய 36 நாடகங்கள் ஒரே தொகுப்பாக வந்தன. அதில் பாதி அதுவரை அச்சையே பார்த்திராதவை. அதுவரைக்கும் அவற்றை யாரும் மேசையில் விரித்து அடிக்கோடு போட்டுப் படிக்கவில்லை, மேடையில் கேட்டார்கள்.

புத்தக அலமாரி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மெல்லிய புத்தகங்களாகக் கொஞ்சம் வை. காணாமல் போகிறவற்றைத் தேடாதே, அவை யாராவது படிக்கிற இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம், ஒரு உதவி. மாதிரி வகுப்பு எடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றாய். அதற்கு முன் வீட்டுக்கு வரும்போது உன் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு வா. எந்தப் பக்கம் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே. நான் எழுந்து நின்று வாசிக்கிறேன், நடுவில் ஏதாவது சொல்லில் நின்றுவிட்டால் நீ எடுத்துக் கொடுக்காமல் மூன்று எண்ணு. அம்மாவை மட்டும் அந்த நேரத்தில் வேறெங்காவது அனுப்பிவிடலாம், அவள் சிரித்துவிடுவாள்.

அன்புடன்
அப்பா