பக்கத்து மனை யாருடையது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டை ஒட்டிப் புதர் மண்டிக் கிடக்கும் மனை யாருடையது என்று தேட ஆரம்பித்திருக்கிறாய். நான் ஏழெட்டு மாதம் இதற்காகவே அலைந்தவன். பக்கத்து மனையிலிருந்து எங்கள் மதில் மேல் சாய்ந்து நின்ற மரம்தான் காரணம். வெட்டவும் முடியாது, விட்டுவைக்கவும் பயம். யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் தெருவில் விசாரித்தேன். மூன்று பேரைக் கேட்டதில் மூன்று பெயர் வந்தது. கடைசியில் பார்த்தால் என் பீரோவிலேயே ஒரு துப்பு இருந்தது. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில், கிழக்கே இன்னாருடைய மனை என்று பெயரே போட்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை! நீயும் அதை எடுத்துப் பார். ஆனால் அது பத்திரம் எழுதிய நாளின் நிலவரம்தான். அப்புறம் பக்கத்து நிலம் எத்தனை கை மாறினாலும் உன் பத்திரத்துக்குத் தெரியாது.

அடுத்தது நில அளவை வரைபடம். அதில் அந்த மனைக்குப் போட்டிருக்கும் சர்வே எண் கையில் இருந்தால் நிலப் பதிவேட்டில் தேடுவது சுலபம். இங்கேதான் நான் சறுக்கினேன். பெரிய நிலத்தைப் பிரித்து விற்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக உட்பிரிவு எண் வந்துவிடுகிறது. பழைய எண்ணை வைத்துத் தேடி, சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து மரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

சரியான எண்ணில் ஒரு பெண்மணியின் பெயர் இருந்தது. வரி ரசீதில் வேறொருவர். வரி கட்டுகிறவர்தான் சொந்தக்காரர் என்று நினைத்துவிடாதே. பதிவேட்டுப் பெயரையும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நம்ப முடியாது. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறைப்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. சுங்கத் துறையில் வேலை பார்த்த மனிதர். கப்பல்களைப் பதிவு செய்வது போல நிலத்தையும் பதிந்தால் என்ன என்று யோசித்தாராம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பத்திரத்தை மட்டும் பதிந்துவைக்கிற இடங்களில் அந்த உத்தரவாதம் கிடையாது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அந்தப் பெண்மணி காலமாகி வெகுநாளாகிவிட்டது, வாரிசுகள் பெயர் மாற்றவேயில்லை. வரி கட்டியவர் பேரன். மரத்தைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது. போன மாதம் ஆள் வைத்துக் கிளைகளைக் கழித்துவிட்டார்.

உனக்கு அந்த மனையை வாங்கும் ஆசை இருக்கிறது, மறைக்காதே. அப்படியென்றால் அத்தனை வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒருவர் மட்டும் வந்து "எல்லாம் என் பொறுப்பு" என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டு.

உன் பத்திரத்தில் எல்லை எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, பழைய கையெழுத்துகளைப் படிப்பதில் இப்போது நான் தேர்ந்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்