அணித் தேர்வுக்குக் காரணம் கேட்காத தங்கள் கிரிக்கெட் நிகழ்ச்சி குறித்த புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்),
செல்லூர், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
விளையாட்டு ஒளிபரப்புப் பிரிவு.

பொருள்: இந்திய டெஸ்ட் அணித் தேர்வு பற்றிய தங்கள் தமிழ் நிகழ்ச்சிகளில் காரணங்கள் கேட்கப்படாமை, உள்நாட்டு ஆட்டங்கள் போதிய அளவில் காட்டப்படாமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் சந்தா செலுத்தி, கிரிக்கெட் ஆட்டங்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் வரும் தமிழ் விவாத நிகழ்ச்சிகளையும் தவறாமல் பார்த்துவரும் வாடிக்கையாளன் நான். இந்திய டெஸ்ட் அணியில் யார் சேர்க்கப்படுகிறார், யார் வெளியே உட்கார வைக்கப்படுகிறார் என்பதற்குக் காரணம் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தும் தங்கள் நிகழ்ச்சி அதைக் கேட்பதில்லை என்பதே என் புகார். இதையே தங்கள் செயலியின் உதவிப் பகுதியில் எழுதியபோது, இணைய வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்படி பதில் வந்தது. ஆகவே விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

2025 நவம்பரில் கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த டெஸ்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மட்டை வரிசையில் மூன்றாம் இடத்தில் இறங்கிய சாய் சுதர்சன் 87 ரன்னும் 39 ரன்னும் எடுத்திருந்தார். கொல்கத்தாவில் அவருக்கு இடமில்லை. அதுவரை பெரும்பாலும் நடுவரிசையிலும் கீழ்வரிசையிலும் ஆடிவந்த வாஷிங்டன் சுந்தர் மூன்றாம் இடத்துக்கு அனுப்பப்பட்டார். ஜடேஜா, அக்சர் படேல், குல்தீப் யாதவ், வாஷிங்டன் என நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே அணியில் இருந்தார்கள். வாஷிங்டனுக்குப் பந்துவீசும் வேலை ஏறக்குறைய இல்லை. இடக்கை மட்டையாளர்கள் ஆறு பேர் கொண்ட அந்த அணியை, இடக்கை மட்டையாளரை விட்டு விலகும்படி பந்தைத் திருப்பும் சைமன் ஹார்மர் என்ற ஆஃப் ஸ்பின்னர் எட்டு விக்கெட் வீழ்த்தி நிலைகுலையச் செய்தார். 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93 ரன்னில் முடங்கியது. அணித்தலைவர் சுப்மன் கில் கழுத்து வலியால் இரண்டாம் இன்னிங்ஸில் களமிறங்க முடியாமல் போனது பெரிய இழப்புதான். அதை ஏற்றுக்கொண்ட பிறகும் கேள்வி மிச்சமிருக்கிறது. ஆடுகளம் அணி நிர்வாகம் கேட்டபடியே அமைந்திருந்தது என்று தலைமைப் பயிற்சியாளர் கவுதம் கம்பீர் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். அவ்வளவு பந்து திரும்பும் ஆடுகளத்தைக் கேட்டு வாங்கியவர்கள், அதே ஆடுகளத்தில் ஆட வேண்டிய முழுநேர மட்டையாளர் ஒருவரைக் குறைத்தது எந்தக் கணக்கில் என்று அன்றிரவு தங்கள் நிகழ்ச்சியில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து குவஹாத்தி. கொல்கத்தாவின் இரண்டு இன்னிங்ஸிலும் பொறுமையாக ஆடி 29 ரன்னும், தோல்வியில் முடிந்த அந்த இரண்டாம் இன்னிங்ஸில் அணியிலேயே அதிகமாக 31 ரன்னும் எடுத்த வாஷிங்டன், குவஹாத்தியில் எட்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். சாய் சுதர்சன் மீண்டும் மூன்றாம் இடத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்தின் முடிவு சரியென்றால் இரண்டாவது ஆட்டத்தில் அதை மாற்றியது ஏன்? தவறென்றால் தவறு என்று சொன்னவர் யார்? இருவருமே சென்னைப் பிள்ளைகள் என்பதால், ஒருவருக்காக மற்றவரைக் குறைத்துப் பேச வேண்டிய தேவை எனக்கில்லை. இருவரையும் இப்படி இடம் மாற்றி மாற்றி ஆட வைத்தால் இருவருமே ஓர் இடத்தில் காலூன்ற முடியாது என்பதுதான் என் கவலை. குவஹாத்தியில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ரன் கணக்கில் இந்தியாவின் மிகப் பெரிய டெஸ்ட் தோல்வி அது. 2000-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா இந்திய மண்ணில் வென்ற முதல் தொடரும் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூசிலாந்து இங்கு வந்து மூன்று டெஸ்டையும் வென்று, 2012-க்குப் பிறகு உள்நாட்டில் ஒரு தொடரைக்கூட இழக்காதிருந்த பெருமையைப் பறித்துச் சென்றிருந்தது.

தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர் ரவிச்சந்திரன் அஸ்வின் விஷயத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. 2021-ல் தொடங்கி 2022-ல் முடிந்த இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டில் ஒன்றில்கூட அவர் ஆட வைக்கப்படவில்லை. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் நடந்தபோது, டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் அவர். எதிரே ஆஸ்திரேலிய அணியில் வார்னர், கவாஜா, டிராவிஸ் ஹெட், கேரி, ஸ்டார்க் என ஐந்து இடக்கை மட்டையாளர்கள். இடக்கை மட்டையாளர்களை வீழ்த்துவதில் அவரை விஞ்சியவர் அப்போது உலகில் யாரும் இல்லை என்பது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியே உட்கார்ந்திருக்க, ஹெட் 163 ரன் குவித்தார்; இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. வானம் மேகமூட்டமாக இருந்ததால் வேகப்பந்து வீச்சாளர்களை நம்பினார்கள் என்று வாதிடலாம். ஐந்து நாள் ஆட்டத்தை முதல் நாள் காலை வானத்தை வைத்து முடிவு செய்யலாமா என்று திருப்பிக் கேட்கவும் ஆள் வேண்டும் அல்லவா?

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன்னும், இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர், இரண்டே மாதத்தில் ஆஸ்திரேலியா சென்றபோது அணியின் முதல் சுழற்பந்து வீச்சாளராகக்கூட இல்லை. பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று ஆட்டத்துக்கு ஒருவராக மாற்றினார்கள். டிசம்பர் 18 அன்று, தொடர் பாதியில் இருக்கும்போதே அவர் ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர். இந்தியரில் அவருக்கு மேலே அனில் கும்ப்ளே ஒருவர்தான் இருக்கிறார். அன்று தங்கள் நிகழ்ச்சி அவருடைய விக்கெட்டுகளைத் தொகுத்து, இசை சேர்த்துக் காட்டியது. நெஞ்சைத் தொடும்படியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று ஆட்டத்தில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்ததற்கு என்ன அளவுகோல் என்ற கேள்வி அந்த ஒரு மணி நேரத்தில் வரவேயில்லை. வந்திருந்த முன்னாள் வீரர்கள் எல்லோரும் அணி நிர்வாகத்தின் முடிவை மதிக்க வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். முடிவை மதிப்பதும் அதற்குக் காரணம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

இது தமிழ்நாட்டு வீரர்களுக்காக மட்டும் எழுதும் கடிதம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. கர்நாடகத்தின் கருண் நாயர் 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன் எடுத்தார். டெஸ்டில் முச்சதம் அடித்த இந்தியர்கள் சேவாக்கும் அவரும் மட்டுமே. அடுத்த டெஸ்டிலேயே, காயத்திலிருந்து திரும்பிய ரஹானேவுக்கு இடம் கொடுப்பதற்காக அவர் நிறுத்தப்பட்டார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சில வாய்ப்புகள், அத்துடன் சரி. 2018 இங்கிலாந்துப் பயணத்தில் தொடக்கத்திலிருந்தே அணியில் இருந்த அவரை விட்டுவிட்டு, கடைசி இரண்டு டெஸ்டுக்காக இடையில் வரவழைக்கப்பட்ட ஹனுமா விஹாரியை ஓவலில் ஆட வைத்தார்கள். எட்டு ஆண்டு காத்திருந்து 2025-ல் மீண்டும் இங்கிலாந்தில் ஆடியவர் நான்கு டெஸ்டில் 205 ரன் எடுத்தார், மீண்டும் நீக்கம். அவரிடம் இன்னும் கூடுதலாக எதிர்பார்த்தோம் என்று தேர்வுக் குழுத் தலைவர் அஜித் அகர்கர் காரணம் சொன்னார். அந்த இரண்டாம் நீக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ரன் வரவில்லை, காரணமும் சொல்லப்பட்டது. முச்சதம் அடித்தவரை அடுத்த ஆட்டத்திலேயே நிறுத்தியதும், உடன் அழைத்துச் சென்றவரை உட்கார வைத்து வேறொருவரை வரவழைத்ததும்தான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்டு ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்டுக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் ஆடவில்லை. காயங்கள் இருந்தன என்பது தெரிந்ததே. குணமான பிறகும் ஏன் அழைக்கப்படவில்லை என்பது தெரியாது.

நல்ல தேர்வு நடந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2025 பிப்ரவரியில் சாம்பியன்ஸ் கோப்பை அணியில் கடைசி நேரத்தில் ஜெய்ஸ்வாலுக்குப் பதிலாகச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியைச் சேர்த்தார்கள். துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்து அத்தேர்வை அவர் நியாயப்படுத்தினார், கோப்பையும் வந்தது. 2025 டிசம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கான அணியிலிருந்து அந்த வகை ஆட்டத்தில் துணைத் தலைவராக இருந்த சுப்மன் கில்லையே நீக்கியபோது, அகர்கர் செய்தியாளர்கள் முன் அமர்ந்து ஏன் என்று விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் ரசிகரின் விருப்பம். கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

வாரியத்திடமே நேரில் கேளுங்கள் என்று தாங்கள் சொல்லக்கூடும். இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு. அது ஆற்றுவது பொதுப்பணி என்று 2015-ல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. ஆயினும் மதுரையில் இருக்கும் ஒரு ரசிகன் எழுதும் கடிதத்துக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும்? வாரியத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்பு உரிமையால் வருவது. அந்தப் பணத்தின் வேர் எங்களைப் போன்றவர்கள் கட்டும் சந்தாவிலும், எங்கள் கண்ணில் படும் விளம்பரத்திலும் இருக்கிறது. பயிற்சியாளரிடமும் தேர்வாளரிடமும் ஒலிவாங்கியை நீட்டக்கூடியவர்கள் தாங்கள்தான். அதனால்தான் தங்களிடம் கேட்கிறேன்.

உள்நாட்டு ஆட்டங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடும் கர்நாடகமும், மாநில அணிகளுக்கான ரஞ்சிக் கோப்பையில் மோதியதை நேரில் பார்த்தேன். அஸ்வின், முரளி விஜய், தினேஷ் கார்த்திக் ஆகியோர் ஆடிய அந்த ஆட்டத்தில், கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கவுதம் 14 விக்கெட் எடுத்து, 26 ரன் வித்தியாசத்தில் வெற்றியைப் பறித்துச் சென்றார். கடைசி நாள் கடைசி மணி நேரம்வரை அங்கே ஒருவரும் எழுந்து போகவில்லை. இத்தகைய ஆட்டங்களைப் பார்த்தால்தான் யார் தேர்வுக்குத் தகுதியானவர் என்று ரசிகனால் தானாக எடைபோட முடியும். ஆனால் ரஞ்சியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சில ஆட்டங்கள் மட்டுமே நேரலையில் வருகின்றன. மற்றவை ஸ்கோர் அட்டையாக மட்டுமே கிடைக்கின்றன. பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் நடுவரிசையைத் தாங்கிய பாபா இந்திரஜித்துக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அவர் ஆடிய விதத்தைப் பார்த்த தமிழர்களே குறைவு என்பது அதைவிட வேதனை.

ஓய்வுபெற்ற பிறகும் வார இறுதிகளில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பாதிப் பேர் கோடையில் வைகை ஆற்றுப் படுகையில் ஆடிப் பழகியவர்கள். ஆஃப் ஸ்பின் நன்றாகப் போடும் ஒரு பையன் குவஹாத்தி ஆட்டத்தின்போது, "சார், அஞ்சு விக்கெட் எடுத்தாலும் பேட்டிங் வந்தாத்தான் எடுப்பாங்களா? நான் எதைப் பழகுறது?" என்று கேட்டான். பந்தைச் சுழற்றக் கற்றுக்கொடுப்பது என் வேலை, அதை என்னால் செய்ய முடியும். நாட்டின் முதன்மை அணி எதைப் பார்த்து ஆளெடுக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காதபோது, நான் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

எனவே, டெஸ்ட் அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேர்வுக் குழுவின் செய்தியாளர் சந்திப்பை வெட்டாமல் முழுமையாக, தமிழாக்கத்துடன் ஒளிபரப்ப வேண்டும் என்றும், அப்படி ஒரு சந்திப்பு நடைபெறாவிட்டால் காரணம் தெரிவிக்கப்படவில்லை என்பதை நிகழ்ச்சியிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்துக்குப் பிந்தைய தமிழ் விவாதத்தில் சந்தாதாரர்களின் கேள்விகளுக்குச் சிறிது நேரம் ஒதுக்குங்கள்; அணியிலிருந்து நீக்கப்பட்ட வீரரின் முகத்தை வைத்து அடுத்த தொடருக்கு விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள். உள்நாட்டு ஆட்டங்களைக் காட்டும் உரிமையும் வசதியும் எந்த அளவுக்குத் தங்களிடம் உள்ளன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

என் சந்தாவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியுள்ளது. மேலே கேட்டவற்றில் தங்களால் செய்யக்கூடியவை எவை, இயலாதவை எவை என்று பொறுப்பான அலுவலர் ஒருவரின் பெயருடன் தமிழில் எழுத்து மூலம் பதில் அனுப்பினால், அதைப் படித்த பிறகே புதுப்பிப்பதா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்,
செல்லூர், மதுரை.