எவ்வளவு நேரம் குடிக்கிறான்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயில் ஏறினாலே குளிர்பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று பத்திரிகைகளில் கட்டுரை வந்துவிடும். நல்லதுதான், ஆனால் எல்லாம் உடம்பு எடை, சுகர் என்பதோடு நின்றுவிடுகின்றன, பல்லுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

என் மகனுக்குப் பதினொரு வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அது ஆறு வயதில் முளைத்த நிலைப் பல்லாம், போனால் போனதுதான். "வாரத்துக்கு ரெண்டு மூணு பத்து ரூபாய் பாட்டில்தான் டாக்டர்" என்று பல் மருத்துவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஒரு பாட்டிலை எவ்வளவு நேரம் குடிப்பான்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாலு மணிக்குத் திறந்தால் வீட்டுப்பாடம், செல்போன் என்று ஏழு மணி வரை ஓட்டுவான், ஒரு வாய் குடிப்பதும், கேஸ் போய்விடக் கூடாது என்று மூடியை இறுக்கித் திருகி வைப்பதும், மறுபடி திறப்பதுமாக. வாயில் அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் கரைய ஆரம்பிக்கும் என்கிறார்கள். கோலாவின் பி.எச். சுமார் 2.5, அதாவது அதைவிட ஆயிரம் மடங்கு அமிலம். இது போதாதென்று, பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று தங்கள் பங்குக்கும் அமிலம் விடும். எச்சில் இதையெல்லாம் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும், அதற்குள் இவன் அடுத்த வாய் குடித்திருப்பான். மூன்று மணி நேரமும் பல் புளித்த தண்ணீரில் ஊறியது போலத்தான்.

நான் செய்த இன்னும் இரண்டு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இல்லாத டயட் பாட்டிலுக்கு மாற்றினேன், அதிலும் அதே அமிலம்தான். குடித்த கையோடு பிரஷ் பண்ணச் சொல்லி விரட்டினேன், அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைத் தேய்க்கவே கூடாதாம், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தேய்க்க வேண்டுமாம். நல்ல வேளை, ரூட் கேனல் வரை போகாமல் அடைத்ததோடு தப்பித்தோம்.

அடியோடு நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு ஒரு டம்ளர், அதோடு சரி. மூடி போட்ட பாட்டில் மட்டும் இப்போது அவன் மேஜைக்குப் போவதில்லை. அடுத்த கோடையில் சர்க்கரைக் கணக்குப் போடும்போது இந்த நேரக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகி, மதுரை