குழி விழுந்த தகடு

புலியூர்க்குறிச்சி,
ஞாயிறு மாலை

அன்பு மக்களே,

நீ அனுப்பிய வீடியோவைப் பதினோரு முறை பார்த்தேன். உன் அம்மை ஒரே ஒரு முறை பார்த்து, "பிள்ளை மெலிந்துபோனான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் பார்த்தது பேரனின் கண்ணை. நீயும் மாப்பிள்ளையும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். அவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, வெறுங்கண்ணோடு உன் பின்னால் நிற்கிறான்.

துப்பாக்கியால் சுட்டுப் பழகக் குறியாக மாட்டிய இரும்புத் தகடு ஆறே மாதத்தில் முழுக்க அம்மைத் தழும்பாகிவிட்டது, வெல்டிங் வைத்து நிரப்பி, தேய்த்துச் சமன் செய்தால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். "வேண்டாம்" என்று இரண்டு வரி அனுப்பினால் நீ ஏன் என்பாய், மாப்பிள்ளை யூடியூபைக் காட்டுவார். ஆகவே உட்கார்ந்தே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு விற்கப்பட்டது சாதாரண மைல்டு ஸ்டீல். நம் பட்டறையில் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போடுகிற அதே இரும்பு. நீ கிட்டத்தில் எடுத்த படத்திலேயே தெரிகிறது. பிசைந்த மாவில் விரலை அழுத்தி எடுத்தால் ஓரம் மேலே எழும்புமே, ஒவ்வொரு குழிக்கும் அப்படி ஒரு உதடு இருக்கிறது. கடினத் தகட்டில் ரைஃபிள் குண்டு பட்டால் சாம்பல் நிறத்தில் ஈயத்தின் பூச்சுதான் இருக்கும்; பெயின்ட் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும். அதற்கென்று உள்ளது ஏ.ஆர். 500 என்ற தகடு. கல்லும் மண்ணும் நாள் முழுக்க உராயும் இடங்களில் தேய்மானம் தாங்குவதற்காகச் செய்தது. பிரினெல் என்ற கடின அளவுக் கணக்கில் அதன் கடினம் ஏறத்தாழ 500, மைல்டு ஸ்டீலுக்கு 120, 130 இருந்தால் அதிகம். விலை வித்தியாசம் ஏன் என்று இப்போது புரியும்.

குழி விழுந்தால் என்ன, இரும்புதானே போகிறது என்று மாப்பிள்ளை நினைக்கலாம். நீ பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் தட்டில் விழுந்தால் பரவி விளிம்பு வழியாக ஓடும். அதே தண்ணீர் கரண்டியின் குழியில் விழட்டும், உன் மேல்தான் தெறிக்கும். குண்டும் அப்படித்தான். சமமான கடினத் தகட்டில் பட்டால் நொறுங்கித் தூளாகி, தகட்டின் முகத்தை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். குழிக்குள் விழுந்தால் அதன் வளைவைப் பிடித்து, சுட்டவனை நோக்கியே திரும்பும். குழி விழுந்த தகடு கரண்டிதான். உங்கள் தகட்டில் நாற்பது கரண்டி எண்ணினேன்.

இனி வெல்டிங். இந்தத் தகட்டில் வெல்டிங் வைத்தாலும் அது மைல்டு ஸ்டீலாகவே இருக்கும், வேலை வீண். ஆனால் நாளை நல்ல தகடு வாங்கிய பிறகும் உனக்கு இந்த யோசனை வரும் என்பதால் சொல்கிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் என்னிடம் கத்தி கொண்டுவருவதை நீ பார்த்திருக்கிறாய். அவசரக்காரன் ஒருவன் தானே மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்து, கூர்வாயில் நீலம் பாய்ந்த கத்தியை எடுத்துக்கொண்டு வருவான். நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், போய்விட்டது என்று பொருள். பார்வைக்கு மின்னும், பட்டையில் வைத்தால் மடங்கும். நீலம் வரச் சுமார் 300 டிகிரி போதும். ஏ.ஆர். 500 தகட்டின் கடினமும் அதே தோய்ச்சலால் வந்ததுதான். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. நிரப்பிய இடத்தைச் சுற்றி ஒரு வளையம் முழுக்க மெத்தென்று ஆகிவிடும், அடுத்த குழி அங்கேதான் விழும். கேஸ் கட்டிங்கில் அறுத்த தகட்டின் ஓரமும் இப்படித்தான் பதம் கெடும். சூடு ஏறாமல் வாட்டர்ஜெட்டில், அதாவது பீய்ச்சும் தண்ணீரால், வெட்டியதா என்று கேட்டு வாங்கு.

பட்டாளத்தில் ஆர்மரராக, துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்த 17 வருடத்தில் நான் இரும்பில் சுட்டதே இல்லை. எங்களுக்கு மரச்சட்டத்தில் ஒட்டிய தாள்தான் குறி. செங்கொடி ஏறியதும் பலகைகளுக்குக் கீழே பதுங்குகுழியில் இருப்போம், தலைக்கு மேல் குண்டு சாட்டையடிபோலச் சொடுக்கிப் போகும். சுற்று முடிந்ததும் பசையும் தாள் துண்டுமாக ஓட்டைகளை அடைப்போம். ஓட்டையை அடைக்கலாம் என்றால் தாளில் மட்டும்தான் மக்களே.

இப்போது தூரம். "நூறு கஜம் இருக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை. நூறு கஜம் என்றால் 91 மீட்டர். அங்கிருந்து சத்தம் திரும்பி வரக் கால் விநாடிக்கு மேல் ஆகும். குண்டு போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்தால், வெடிச் சத்தத்துக்கும் தகட்டின் "டிங்"குக்கும் நடுவே ஓர் இடைவெளி காதுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். உன் வீடியோவில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. முப்பது கஜம் இருந்தால் பெரிது. ரைஃபிளுக்கு நூறு கஜத்துக்குக் குறையக் கூடாது. சில்லுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. உங்கள் 5.56 மி.மீ. குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 3000 அடிக்கு மேல் போகும். அந்த வேகத்தில் பட்டால் நல்ல தகட்டிலும் குழி விழும். தூரம் போகப் போக வேகம் தணியும், தகடும் பிழைக்கும்.

தோட்டாவையும் பார். முனையில் பச்சைப் பெயின்ட் இருந்தால் உள்ளே எஃகு முனை இருக்கிறது, இரும்புத் தகட்டுக்கு அது ஆகவே ஆகாது. பெயின்ட் இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் குண்டின் முனையில் வைத்துப் பார். ஒட்டினால் மேலுறையில் மட்டும்கூட இரும்பு இருக்கலாம், ஆனால் உறையா உள்ளீடா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஒதுக்கிவிடு.

மாட்டுகிற விதமும் தவறு. இரும்புச் சட்டத்தில் நிமிர்த்தி, ஆடாமல் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறீர்கள். தகடு தொங்கவேண்டும், அடி வாங்கியதும் ஆடவேண்டும். முகம் தரையைப் பார்த்து 20 டிகிரி போலச் சாய்ந்திருக்கவேண்டும். அப்போது சில்லு மண்ணில் இறங்கும். சங்கிலிக்குப் பதில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு நல்லது, சில்லு பட்டாலும் சட்டென்று அறாது. கீழே சரளைக்கல் வேண்டாம், பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். தப்பிய குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். முக்கால் அங்குலம் வாங்கலாமா என்கிறார் மாப்பிள்ளை. நல்ல தகடாக இருந்தால் உங்கள் துப்பாக்கிக்கு எட்டில் மூன்று பங்கு (3/8) அங்குலமே தாராளம்.

என் இடது இமையில் இருக்கும் வடுவைச் சின்ன வயதில் நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். மாடு முட்டியது என்று சொல்லியிருக்கிறேன். மாடு முட்டவில்லை. தலை விரிந்து பூத்துப்போன ஓர் உளி. அதைச் சாணை பிடிக்கச் சோம்பல்பட்டு அப்படியே சுத்தியலால் அடித்தேன். அரிசிமணி அளவு சில்லு. ஒரு நூல் கீழே இறங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். உளி அடிக்கிற கையின் வேகம் அது. நீங்கள் விளையாடுவது எந்த வேகத்தோடு என்று மேலே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர், பேரன், எல்லோருக்கும் கண்ணாடி. வீட்டுக்கு வந்ததும் கை முகம் கழுவாமல் அவனுக்குச் சோறு ஊட்டாதே, ஈயத்தூள் துணியிலும் ஒட்டியிருக்கும்.

போன முறை வந்தபோது உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையைப் பார்த்துவிட்டு, "பீரங்கி வார்த்த ஊர்க்காரர்கள் நீங்கள்" என்று மாப்பிள்ளை கேலி செய்தார். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுப் படைக்காரன் அவன், வார்ப்பைச் சொல்லிக்கொடுத்தான். நமக்குச் சொந்தமான தொழில் அரிவாளும் வெட்டுகத்தியும்தான் என்று அவரிடம் சொல்.

பழைய தகட்டைத் தோசைக்கல்லாக்க முடியுமா என்று உன் அம்மை கேட்கிறாள். ஈயம் படிந்தது, முடியாது என்று சொல்லிவிட்டேன். கழற்றிப் பழைய இரும்புக்குப் போடு. புதியதை மாட்டிய அன்று இன்னொரு வீடியோ அனுப்பு, பின்னணிப் பாட்டுச் சேர்க்காமல். வெடிச் சத்தத்துக்கும் "டிங்"குக்கும் நடுவே எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா