அணில் முத்திரையை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜெர்மன் ராணுவக் குத்துவாள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அலகில் 'சோலிங்கன்' என்ற ஊர்ப்பெயரும் அங்கே கத்தி, வாள் செய்த ஐக்ஹோர்ன் நிறுவனத்தின் அணில் முத்திரையும் இருந்தால் அசல் என்று வாங்கிவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். அதே சோலிங்கனில் ஒரு கத்திப் பட்டறையில் 22 ஆண்டுகள் மெருகு போட்டவன் நான். இந்த யோசனையைக் கேட்டு யாரும் பணத்தைத் தொலைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

போலி செய்பவன் முதலில் கவனிப்பதே முத்திரையைத்தான். அதைவிடப் பெரிய வில்லங்கம் வேறொன்று. 1945இல் போர் முடிந்தபோது இந்த ஊர்ப் பட்டறைகளில் ஒன்றாகப் பூட்டப்படாத அலகுகளும் பிடிகளும் உறைகளும் மிஞ்சிக் கிடந்தன. நினைவுப்பொருள் தேடி வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கும், பின்னாளில் சேகரிப்பாளர்களுக்கும் அவற்றைப் பூட்டி விற்றார்கள். அலகு அசல், அணிலும் அசல். ஆனால் அந்தக் குத்துவாள் எந்த அதிகாரியின் இடுப்பிலும் ஒருநாள்கூடத் தொங்கியதில்லை. இதை அசல் என்பதா, போலி என்பதா? எல்லா உறுப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து கிழடு தட்டியிருக்கின்றனவா என்றுதான் நான் பார்ப்பேன்.

என்னோடு வேலை செய்த பெரியவர் ஒருவர், சந்தையில் வாங்கிய குத்துவாளை ஒருமுறை என் மேசையில் வைத்தார். 1935இல் தரைப்படை அதிகாரிகளுக்கென்று வந்த மாதிரி. பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள கைக்காப்பில் இருந்த கழுகின் மீது முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் துத்தநாகம் வெளுத்துத் தெரிந்தது. அது பரவாயில்லை. முதலில் கனமான ஜெர்மன் சில்வர் என்ற செம்பு-நிக்கல் கலவையிலும் செய்தவர்கள் பிறகு துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். அது இப்படித்தான் பொரியும். ஆனால் பிடியின் உச்சியில் இருந்த குமிழ் நேற்று வாங்கிய பாத்திரம்போல மின்னியது. அதைத் திருகிக் கழற்றினோம். பழைய பிசுக்கும் துருவும் ஏறியிருக்க வேண்டிய மரைகளில் தூசிகூட இல்லை. அலகை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தோம். உறைக்குள் அலகைப் பிடித்துக்கொள்ளும் தகடுகள் நாளடைவில் அதன் மேல் மெல்லிய நெடுங்கோடுகளைப் போட்டுவிடும். கோடுகள் இருக்கத்தான் செய்தன, ஓரத்தையொட்டி. அந்த உறையின் தகடுகளோ நடுவில் உரசின. மூன்று குத்துவாள்களின் மிச்சம் ஒன்றாகியிருக்கிறது என்றார் பெரியவர். முத்திரையை அவர் கடைசியாகத்தான் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பிழையும் கட்டுரையில் உண்டு. படத்தில் இருப்பது ராணுவக் குத்துவாளே அல்ல. பழுப்பு மரப்பிடியும், அலகில் அமிலத்தால் அரித்து எழுதிய 'அலெஸ் ஃபியூர் டாய்ச்லாண்ட்' (எல்லாம் ஜெர்மனிக்காக) என்ற வாசகமும் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படைக்கு 1933இல் வந்த மாதிரிக்கு உரியவை. வேறுபாடு சும்மா பெயரில் மட்டும் இல்லை. கட்சிக்கான பொருள்களைக் கட்டுப்படுத்திய அலுவலகத்தின் ஆர்.இசட்.எம். முத்திரையும் எம்7 என்று தொடங்கும் எண்ணும் கட்சிக் குத்துவாள்களில், மிகப் பழையவை தவிர, இருக்கும். ராணுவம் அந்த அலுவலகத்தின் கீழ் வரவில்லை. தரைப்படை அதிகாரியின் குத்துவாள் என்று சொல்லி எம்7 எண்ணோடு ஒருவர் நீட்டினால், விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.

எஸ்.ஏ. குத்துவாளில் என் தொழிலைச் சேர்ந்த ஒரு மோசடியும் நடக்கிறது. அந்தப் படையின் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம், பழைய உறுப்பினர்களுக்குத் தன் பெயரோடு நட்பு வாசகம் பொறித்த குத்துவாள்களை வழங்கினார். 1934 கோடையில் ஹிட்லர் அவரைக் கொல்லவைத்ததும், அந்த வரியைச் சாணை பிடித்து அழிக்க உத்தரவு வந்தது. இன்று அப்படி அழிக்கப்பட்ட அலகுக்குத் தனி மதிப்பு. விளைவு, சாதாரண அலகின் பின்பக்கத்தையும் இப்போது தேய்த்து விற்கிறார்கள். பட்டறையில் போட்ட மெருகு அலகுக்குக் குறுக்காக நுண்ணிய கோடுகளாக இருக்கும். அழித்த இடத்தில் அது மறைந்து வேறு திசைக் கோடுகள் தெரியும். அந்தப் புதுக் கோடுகளின் மேலும் துருப்புள்ளி படர்ந்திருந்தால் பேசலாம். துருவையே அறுத்துக்கொண்டு பளபளவென்று கோடு ஓடினால், அது 1934இல் பிடித்த சாணையாக இருக்க முடியாது.

படத்தின் கீழே உள்ள குறிப்பையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
சோலிங்கன், ஜெர்மனி